பிராந்திப் பெட்டிகளில் போன அப்பாவின் காகிதங்கள்

கள்ளக்குறிச்சி
30-9-1987

அன்பு மகள் நிர்மலாவுக்கு அம்மா ஆண்டாள் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும், அப்பாவின் வலது முழங்காலைத் தவிர மற்றபடி சுகமாகவே இருக்கிறோம். அங்கே பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கும் பெரிய மனுஷரும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது சொல்லிக்கொண்டிருக்கிறேன். பேப்பரில் மறியல், துப்பாக்கிச் சூடு என்று படித்துவிட்டுப் பயந்துபோய்த் தந்தி அடித்ததாக எழுதியிருந்தாய், அந்தத் தந்தி உன் கடிதம் வந்து இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது, அதனால் நாங்கள் பயப்பட வேண்டியதை எல்லாம் முன்பே பயந்து முடித்துவிட்டோம். வடக்கே சில ஊர்களில் உயிர் போகிற அளவுக்கு ஆகிவிட்டது. நம் பக்கம் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள், பஸ் இல்லை, தபால் இல்லை, பால் மட்டும் எப்படியோ வந்தது. இப்போது எல்லாம் ஓடுகிறது. நீ சரியாகச் சாப்பிடுகிறாயா, அந்த ஊரில் கிடைக்கிற பாலில் தண்ணீர் ஜாஸ்தி என்று எழுதியிருந்தாய், தண்ணீராக இருந்தாலும் காய்ச்சிக் குடி. படிக்கட்டில் வேகமாக இறங்காதே.

உன் கடிதத்தில் எந்த அறையில் என்னைத் தங்க வைப்பாய் என்று கேட்டிருந்தாய் அல்லவா, அதற்குப் பதில் ஒரு வரியில் எழுதிவிடலாம், ஆனால் அந்த ஒரு வரிக்காக நான் பட்டதை எழுதாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. கார்த்திகையில் வளைகாப்பு முடித்து உன்னை அழைத்து வந்தால் படுக்கிற மாதிரி இருக்கிற அறை நம் வீட்டில் ஒன்றுதான், கிழக்குப் பக்க அறை. அதில் யார் குடியிருந்தார்கள் என்று உனக்குத் தெரியும். உன் அப்பாவின் மூன்று வாழ்க்கைகளும் அதில்தான் குடியிருந்தன. வக்கீலாக இருந்த வாழ்க்கையின் வழக்குக் கட்டுகள் ஒரு சுவர், அதில் பாதிக் கட்சிக்காரர்கள் செத்துப்போய்விட்டார்கள், மீதிப் பேர் சமாதானமாகிச் சம்பந்தியும் ஆகிவிட்டார்கள். மதுவிலக்குப் பிரசாரம் ஒரு சுவர், தட்டி, பறை, துண்டுப் பிரசுரம், ஊர் ஊராக வாங்கிய உறுதிமொழிச் சீட்டுகள், அப்புறம் அந்தக் குடிகாரன் ஈரல். சுண்ணாம்புக் கலவையில் பூசணிக்காய் அளவுக்குச் செய்து கருஞ்சிவப்பு அடித்து அங்கங்கே மஞ்சள் கொப்புளம் வைத்தது, சின்ன வயதில் நீ அதைப் பார்த்துக் காய்ச்சலில் படுத்தாயே, அதேதான். மூன்றாவது சுவர் கல்வராயன் மலை வரலாறு. இருபது வருஷமாக மூன்றாம் அத்தியாயத்தில் நிற்கிறது, ஏனென்றால் வெள்ளிமலைப் பக்கம் ஒவ்வொரு ஊரிலும் ஊர்ப் பெயருக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள், பக்கத்து ஊரில் அதைச் சொன்னால் அது பொய், நிஜக் காரணம் இது என்கிறார்கள், உன் அப்பா யார் மனதும் நோகக் கூடாது என்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருக்கிறார். நான்காவது சுவரில் கதவு இருந்தது, அதனால் அது தப்பித்தது.

ஆவணி மாதம் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொல்லிவிட்டேன், பேரப் பிள்ளையா காகிதமா, இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் என்று. அவர் வாய்தா கேட்டார். கொடுக்க மாட்டேன் என்றேன். நல்ல வேளையாக அந்த வாரமே கச்சிராயபாளையத்தில் புதிதாகப் படிப்பகம் கட்டியவர்கள் வந்து, ஐயாவின் ஆவணங்களை எங்களுக்குக் கொடுத்தால் ஒரு தனி அறை ஒதுக்கி வெளியே ஐயா பெயரை எழுதுகிறோம் என்றார்கள். பெயர் எழுதுகிறோம் என்றதும் உன் அப்பா எழுந்து சட்டை போட்டுக்கொண்டார். புரட்டாசி முதல் வாரத்தில் நாள் குறித்து நோட்டீஸ் அடித்தாகிவிட்டது. கீழே பெரிய எழுத்தில் மழை வந்தாலும் விழா நடைபெறும் என்று போட்டிருந்தார்கள். மழையைத்தான் நினைத்தார்கள், மறியலை யார் நினைத்தார்கள்.

இனிமேல்தான் கதை. இவ்வளவு காகிதத்தை எதில் கட்டுவது என்று வந்தபோது சாக்கு வேண்டாம், மடங்கிவிடும் என்றார் அப்பா. குமாஸ்தா பாவாடை, அவர்தான் நான் பார்த்துக்கிறேங்க என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர், மத்தியானம் ஒரு கைவண்டி நிறைய அட்டைப் பெட்டியோடு வந்து நின்றார். அத்தனையும் பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பிராந்திக் கடைப் பெட்டி. உன் அப்பா வாசலில் நின்று பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். பாவாடை பயப்படவில்லை, பெட்டியின் மேல் ஏறி நின்று காட்டினார். பிஸ்கட் பொட்டிலாம் கையால தொட்டா ஓட்டை வுழுதுங்க, இது யானை மிதிச்சாலும் ஒண்ணும் ஆவாது, பாட்டில் ஒடையக் கூடாதுன்னு கம்பெனிக்காரன் அவ்ளோ அக்கறையா செஞ்சிருக்கான் என்றார். வேறு பெட்டியும் கிடைக்கவில்லை. கடைசியில் உன் அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். மீதமாகக் கிடந்த மதுவிலக்குத் துண்டுப் பிரசுரங்களைப் பசை தடவி எல்லாப் பெட்டியின் மேலும் ஒட்டிவிடுவது என்று. அந்தப் பிரசுரம் உனக்குத் தெரியும், குவளையைக் கவிழ், குடும்பத்தை நிமிர் என்று இரண்டு வரி. கவிழ் என்பதா கவிழ்த்துவிடு என்பதா என்று தமிழ் வாத்தியாரோடு சண்டை போட்டு அச்சாபீசையே காக்க வைத்தாரே, அது. நான் மைதா காய்ச்சிப் பசை கொடுத்தேன். ஒட்டி முடித்ததும் பெட்டிகள் கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரிக் கௌரவமாகத்தான் இருந்தன.

விழா நாள் வந்தபோது மறியல் நடுவாரத்தில் இருந்தது. தள்ளிப் போடுங்கள் என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை, நோட்டீசில் போட்ட தேதிக்கு ஆஜராகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி ஆகி, வராதவன் தோற்றான் என்று எழுதிவிடுவார்கள் என்றார். பஸ்தான் இல்லை, பாவாடையின் அண்ணனிடம் மாட்டு வண்டி இருந்தது. மரம் கிடக்கிற இடத்தில் வயலில் இறக்கி ஏற்றிக்கலாங்க என்றார் பாவாடை. நானும் கிளம்பினேன். எனக்கு விழாவுக்கு ஆசை இல்லை. தனியாக விட்டால் பாதி வழியில் மனசு மாறிப் பாதிப் பெட்டியோடு திரும்பி வந்துவிடுவார், அதனால்தான். பெட்டிகளை ஏற்றி, நடுவில் ஈரலைப் பழைய வேட்டியில் சுற்றி வைத்து, அதன் மேல் சாயாமல் நான் உட்கார்ந்து கிளம்பினோம். வழியில் இரண்டு இடத்தில் மரம் கிடந்தது, உட்கார்ந்திருந்த பையன்கள் அப்பாவைப் பார்த்ததும் வக்கீல் ஐயாவா, போங்க போங்க என்று அவர்களே வண்டியை வயல் வழியாகத் தள்ளிவிட்டார்கள். அதற்கப்புறம் ஒரு தூறல் போட்டது. பெரிய மழை இல்லை, முகம் கழுவுகிற அளவுக்குத்தான். ஆனால் மைதாப் பசைக்கு அது போதும்.

கச்சிராயபாளையத்துக்கு இந்தப் பக்கம் வாய்க்கால் பாலத்தை ஒட்டிப் பெரிய புளியமரமாகப் பார்த்துக் குறுக்கே போட்டிருந்தார்கள். அங்கே வயலில் இறங்கவும் வழி இல்லை. வண்டியை நிறுத்தியதும் கூட்டம் எழுந்து வந்தது, எங்களைப் பார்த்தது, பெட்டிகளைப் பார்த்தது. நானும் திரும்பிப் பார்த்தேன். எல்லாப் பெட்டியிலும் பிரசுரத்தின் மேல் பாதி பசை விட்டுக் கிழிந்து விழுந்திருக்கிறது, கீழ்ப் பாதி மட்டும் ஒட்டியிருக்கிறது. மேலே இங்கிலீஷில் ஸ்பெஷல் பிராந்தி, அதற்குக் கீழே தமிழில் குடும்பத்தை நிமிர். வண்டி முழுக்க அதே வாசகம். கூட்டத்துக்குத் தலைவன் மாதிரி இருந்தவன் அய்யப்பன் என்று ஒரு பையன், கரும்பு வெட்டுகிற வீட்டுப் பிள்ளை, பி.ஏ. படித்துவிட்டு வேலை இல்லாமல் இருக்கிறவன். அவன் முன்னால் வந்து, இன்னா சார் இது, சனங்க சோறு தண்ணி இல்லாம ரோட்ல குந்திக்கினு கெடக்குது, நீங்க வண்டி நெறைய சரக்கு ஏத்திக்கினு வியாபாரத்துக்குப் போறீங்க என்றான். முப்பது வருஷம் குடிக்கு எதிராக ஊர் ஊராக நின்று திட்டு வாங்கின மனிதரைப் பார்த்து அப்படிக் கேட்டதும் உன் அப்பாவுக்கு வாயே வரவில்லை. அவருக்கு வாய் வராமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நான்தான் வண்டியிலிருந்து இறங்கி, தம்பி, திறந்து பாருங்க, உள்ளே எல்லாம் காகிதந்தான் என்றேன். திறந்தார்கள். கைக்கு வந்தது உறுதிமொழிச் சீட்டுப் பெட்டி. ஒருத்தன் ஒரு சீட்டை எடுத்துச் சத்தமாகப் படித்தான், நான் இன்று முதல் மதுவைத் தொடமாட்டேன், இப்படிக்குப் பிச்சைமுத்து. அடுத்தவன் எடுத்தான், அதிலும் பிச்சைமுத்து. இன்னொன்று, அதுவும் பிச்சைமுத்து. கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது, எல்லாரும் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே மரக்கிளையில் தலையில் துண்டு கட்டிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார், அவர்தான் பிச்சைமுத்து, அந்த அய்யப்பனைப் பெற்ற அப்பன். கூட்டம் நடத்துகிற இடத்திலெல்லாம் உறுதிமொழி எடுத்தவர்களுக்குச் சுண்டலும் பானகமும் கொடுத்தார் உன் அப்பா, அதனால் இவர் எந்த ஊரில் கூட்டம் நடந்தாலும் நடந்தே வந்து குடியை விட்டிருக்கிறார். மகனுக்கு முகம் சிவந்துபோயிற்று. ஆனால் அந்தப் பையன் சீட்டுகளைக் கீழே போடவில்லை, தேதி பார்த்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான். முதலில் இருந்ததெல்லாம் கைநாட்டு. அப்புறம் பிச் என்று எழுதி மிச்சம் கைநாட்டு. அப்புறம் கோணலாக முழுப்பெயர். கடைசிச் சீட்டில் இனிஷியல் போட்டு, கீழே பாம்பு மாதிரி ஒரு சுழி இழுத்து, இரண்டு புள்ளியும் வைத்திருந்தார், தாசில்தார் கூட அப்படிப் போட மாட்டார். எங்கப்பன் கையெழுத்து போடக் கத்துக்கினதே குடிய வுட்டு வுட்டுத்தான் போல இருக்கு என்றான் அய்யப்பன். சிரித்துக்கொண்டுதான் சொன்னான், ஆனால் அந்தக் கடைசிச் சீட்டை மட்டும் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான். கைநாட்டு வெச்சவன் கை வெறுமனே இருக்கக் கூடாதேன்னுதான் சிலேட்டுப் பலகையும் எடுத்துக்கிட்டுப் போய் எழுத்துச் சொல்லிக் குடுத்தேன் என்றார் உன் அப்பா, அப்போதுதான் அவருக்குக் குரல் திரும்பியது.

குரல் திரும்பியதும் சும்மா இருப்பாரா. மலை வரலாற்றுப் பெட்டியைத் திறந்து காட்ட ஆரம்பித்துவிட்டார். பையன்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருவன், நாங்க இந்தச் சீமைய ஆண்டவங்கன்னு எதுனா கல்வெட்டு இருந்தா எடுத்துக் குடுங்க சார், மேடையில பேச ஆவும் என்றான். இன்னொருவன் அவனைத் தள்ளிவிட்டு, அத அப்பறம் பாத்துக்கலாம், நாம ரொம்பப் பின்தங்கினவங்கன்னு ஆதாரம் இருந்தா குடுங்க சார், மனுவுல வெக்கணும் என்றான். இரண்டு பேருக்கும் தகராறு வந்துவிட்டது. உன் அப்பா கையைத் தூக்கி, ரெண்டையும் ஒரே உறையில போட்டு அனுப்பாதீங்க என்று சொல்லிவிட்டு, ஆனா ரெண்டும் உண்மையா இருக்கலாம், ராஜா வீட்டுக் கொள்ளுப் பேரனுக்கும் பசிக்கும், அவன் பசிக்கு இப்பச் சோறு கேக்குறதுல தப்பு இல்ல என்றார். நிர்மலா, அவர் மேடையில் மணிக்கணக்காகப் பேசி நான் கேட்டிருக்கிறேன், நல்லதாக ஒன்று சொன்னது அந்த மரத்தடியில்தான். பையன்கள் கை தட்டினார்கள். சரி, இறங்கி வண்டியைக் காலி செய்து பெட்டிகளை மரத்துக்கு அந்தப் பக்கம் கைமாற்றிவிடுவோம் என்று பாவாடை சொல்லிக்கொண்டிருக்கும்போதே எதிர்ப் பக்கத்திலிருந்து போலீஸ் ஜீப் வந்து நின்றது.

அதிலிருந்து இறங்கிய சப் இன்ஸ்பெக்டர் சின்ன வயசு, வேறு மாவட்டத்திலிருந்து பந்தோபஸ்துக்கு வந்தவர், உன் அப்பாவை யார் என்று தெரியாது. மரத்தின் மேல் ஏறி நின்று பார்த்தார், முதலில் கண்ணில் பட்டது பெட்டிகள்தான். மலையில் காய்ச்சுகிற சாராயம் இந்த வழியாகத்தான் இறங்குகிறது என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இந்த வருஷ ஆரம்பத்தில் சாராயக் கடையை மூடினதிலிருந்து மலையில் அடுப்பு அணைவதே இல்லை என்று இங்கே பேச்சு. எல்லாம் காகிதந்தாங்க என்று அய்யப்பனே சொன்னான். போலீஸ்காரர் ஒரு பெட்டியைத் திறந்தார், காகிதம். இரண்டாவது, காகிதம். மூன்றாவதில் வழக்குக் கட்டுக்கு நடுவிலிருந்து துணி சுற்றிய ஒரு பாட்டிலை எடுத்தார். அரக்கு வைத்து மூடி, கழுத்தில் சீட்டுக் கட்டி, நிறைய இருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. அது வேடியப்பன் வழக்குப் பாட்டில். வெள்ளிமலைக்காரர் வேடியப்பன் சாராயம் விற்றார் என்று எப்போதோ ஒரு பொய்க் கேஸ் போட்டார்களே, அவர் தேன் விற்கத்தான் இறங்கி வந்தார் என்று நிரூபித்து உன் அப்பா விடுதலை வாங்கிக் கொடுத்தார், அப்போது கோர்ட்டில் வேண்டாம் என்று ஒதுக்கிய பாட்டிலை அனுமதி வாங்கி நினைவுக்காக வைத்திருந்தார். கேஸ் பொய்தான், பாட்டிலில் இருந்தது நிஜம்.

சப் இன்ஸ்பெக்டர் பாட்டிலைத் தூக்கிப் பிடித்து, இது இன்னாங்க, இதுவும் காகிதமா என்றார். உன் அப்பா கோர்ட்டுக்கு வெளியே பொய் சொல்லாதவர் என்று உனக்குத் தெரியும், எங்கே உண்மையைச் சொல்லிவிடுவாரோ என்று நான் அவர் முழங்கையைக் கிள்ளினேன். அவர் என்ன செய்தார் தெரியுமா, கைப்பற்றுகிற பொருளுக்கு மகஜர் எழுத வேண்டும், அதற்குச் சுயேச்சையான இரண்டு சாட்சி வேண்டும், எழுதுங்கள், நான் சொல்கிறேன் என்று தன்னைக் கைது செய்யத் தானே வழி சொல்லிக் கொடுத்தார். போலீஸ்காரர் மகஜரை எழுத ஆரம்பித்ததும் அதில் பறிமுதல் என்ற சொல்லில் எழுத்துப் பிழை என்று திருத்தினார். சாட்சிக்கு அங்கே இருந்தது மறியல் கூட்டம் மட்டும்தான், யாரைக் கலைக்க வந்தாரோ அவர்களிடமே அவர் சாட்சிக் கையெழுத்துக் கேட்க வேண்டியதாயிற்று. கையெழுத்துப் போடுறோம் சார், நீங்க மரத்த எடுக்கச் சொல்லக் கூடாது என்று பையன்கள் பேரம் பேசினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாளைக்குப் பேப்பரில் மதுவிலக்கு வக்கீல் கண்ணாயிரம் சாராயத்தோடு கைது என்று வந்தால், இத்தனை வருஷம் அந்த மனிதர் பட்ட அவமானமெல்லாம் என்ன ஆகும், உனக்குப் பிரசவம் ஆகும்போது தாத்தா கடலூர் ஜெயிலில் இருந்தால் மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன பதில் சொல்வேன் என்று மனதுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

கடைசியில் சப் இன்ஸ்பெக்டர் நேராகவே கேட்டுவிட்டார், பெரியவரே, உள்ள இருக்கிறது சாராயமா இல்லையா, ஒரு வார்த்தையில சொல்லுங்க என்று. உன் அப்பா தொண்டையைச் செருமி, வாயைத் திறந்துவிட்டார். அந்த நேரத்தில் பிச்சைமுத்து கிளையிலிருந்து இறங்கி வந்து, அவர இன்னாத்துக்குங்க கேக்குறீங்க, அந்தாளுக்கு வாசன கூடத் தெரியாது, எங்கிட்ட குடுங்க, நான் சொல்றேன், இந்தத் தாலுகாவுல எனக்குத் தெரியாதது ஒண்ணு கெடையாது என்றார். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். போலீஸ்காரருக்கும் அது நியாயமாகப் பட்டதோ என்னவோ, அரக்கை உடைத்துக் கொடுத்தார். பிச்சைமுத்து முகர்ந்து பார்த்தார். முகந்தா தெரியலீங்க என்றார். ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடி யோசித்தார். தண்ணி மாதிரிதான் இருக்குது, ஆனா உறுதியா சொல்ல முடியலீங்க, தப்பா சொன்னா பாவம் பாருங்க என்று இன்னொரு வாய் குடித்தார். நாக்குலயே நிக்கல என்று இன்னும் கொஞ்சம். சப் இன்ஸ்பெக்டருக்குப் புரிந்து கையை நீட்டுவதற்குள் அண்ணாந்து ஒரே மூச்சாக முடித்துவிட்டு, பாட்டிலைக் கவிழ்த்து ஒரு சொட்டுக் கூட இல்லை என்று எல்லாருக்கும் காட்டி, இப்பச் சந்தேகமே இல்லீங்க, வெறுந்தண்ணி என்றார். சொல்லும்போதே அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, குரல் வேறு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை, அத்தனை பேரும் தண்ணிதாங்க, தண்ணிதாங்க என்றார்கள். கைப்பற்றுவதற்குப் பொருளே இல்லாமல் மகஜரை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை என்ன செய்யும். பாதி எழுதினதைக் கிழித்துப் போட்டார், உன் அப்பாவைப் பார்த்து, சார், பொட்டியாவது நல்ல பொட்டியா பாத்து வாங்குங்க என்று சொல்லிவிட்டு, ஜீப்பில் ஏறும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்ததை நான் பார்த்தேன்.

தப்பித்தோம் என்று எனக்கு மாரியம்மனுக்குக் கும்பிடு போடத் தோன்றியது, உன் அப்பாவுக்கோ அழுகை வராத குறை. ஏண்டா பிச்சைமுத்து, கையெழுத்துப் போட்டியேடா, இத்தனை தடவை போட்டியேடா என்று கேட்டார். பிச்சைமுத்து தள்ளாடாமல் நின்று, உங்களுக்காகத்தாங்க குடிச்சேன், எனக்குன்னா தொடுவனா என்றார். உன் அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு புதுச் சீட்டை எடுத்து நீட்டினார். பிச்சைமுத்து அதை ஸ்பெஷல் பிராந்திப் பெட்டியின் மேல் வைத்து, சுழியும் புள்ளியுமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தப் பழைய சரக்கில் என்ன கலந்திருந்தானோ என்று எனக்குத்தான் பயம், கையில் இருந்த மோரை எல்லாம் அவருக்குக் கொடுத்து மரநிழலில் உட்கார வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல காலம், ஒன்றும் ஆகவில்லை, கொஞ்ச நேரத்தில் எழுந்து பறையைக் கேட்டார்.

பறையைக் கொடுத்தது தப்பு. மரத்தைத் தாண்டி வண்டி போகாது என்பதால் அந்தப் பையன்களே பெட்டிகளைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்கள், முன்னால் பிச்சைமுத்து பறை அடித்துக்கொண்டு, அவருக்குப் பின்னால் அய்யப்பன் ஈரலைத் தூக்கிக்கொண்டு, அதற்குப் பின்னால் பெட்டி வரிசை, கடைசியில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உன் அப்பா, குடை பிடித்துக்கொண்டு நான். ஊருக்குள் நுழைந்ததும் பறைச் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தவர்கள், ரோடு அடைத்துக் கிடக்கிற நாளில் இப்படி ஒரு ஊர்வலம் வந்தால் எதை நினைப்பார்கள், ஏதோ அம்மன் புறப்பாடு என்று நினைத்துக்கொண்டார்கள். வேட்டி நழுவிச் சிவப்பாக ஈரல் வெளியே தெரிந்தது. செல்லியம்மாள் என்று ஒரு அம்மாள் குடத்துத் தண்ணீரை அய்யப்பன் காலில் ஊற்றி, ஈரலுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இது சாமி இல்லம்மா, குடிகாரன் ஈரல் என்று உன் அப்பா பின்னாலிருந்து கத்தினார். பறைச் சத்தத்தில் குடிகாரன் என்பது மட்டும்தான் கேட்டது போலிருக்கிறது, குடிகாரனத் தட்டிக் கேக்குற சாமியாம் என்று அந்த அம்மாள் பக்கத்து வீட்டுக்குச் சொல்ல, படிப்பகம் போய்ச் சேருவதற்குள் தேங்காய் உடைத்தாகிவிட்டது. விழாவுக்கு அழைத்த பெரிய மனிதர் ஒருவரும் வர முடியவில்லை, தூக்கி வந்த பையன்களும் அந்தப் பெண்களும்தான் கூட்டம். மாலையை உன் அப்பா கழுத்தில் போட்டார்கள், அவர் மலை வரலாற்றைப் பற்றிப் பேசினார், ஒருவரும் எழுந்து போகவில்லை, எழுந்து போனால் பஸ் இல்லையே.

இப்போது நிலவரம் கேள். படிப்பகத்தில் அப்பா பெயர் எழுதிய அறை தயார், பெட்டிகளைப் பிரித்து அலமாரியில் அடுக்குகிற வேலை அய்யப்பனுக்கு, மாதம் ஏதோ கொடுக்கிறார்களாம், வேறு வேலை கிடைக்கும்வரை. ஊர்ப் பெயர்க் காரணங்களை அவன் அகர வரிசையில் வைத்துவிட்டானாம், யாருடையது நிஜம் என்று கேட்டால் எல்லாமே அதது வரிசையில இருக்குது, எது நெசம்னு படிக்கிறவங்க பாத்துக்கட்டும் சார் என்கிறானாம், உன் அப்பாவுக்கு அதில் ரொம்ப நிம்மதி, நான்காம் அத்தியாயம் ஆரம்பித்துவிட்டார். ஆனால் படிப்பகத்துக்கு வருகிறவர்கள் காகிதத்துக்கு வருவதில்லை. பெண்கள் வீட்டுக்காரர்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து ஈரலுக்கு முன்னால் நிறுத்தி, இதத் தொட்டுச் சொல்லு, இனிமே குடிக்க மாட்டேன்னு சொல்லு என்கிறார்களாம். சீட்டில் கையெழுத்துப் போட அஞ்சாதவர்கள் எல்லாம் ஈரலைத் தொடச் சொன்னால் வேர்த்துப் போகிறார்களாம். பிச்சைமுத்து தொட்டுச் சொல்லியிருக்கிறார், அன்றிலிருந்து இன்றுவரை கஞ்சியும் மோரும்தான் என்று பாவாடை சொல்கிறார். மூடநம்பிக்கை என்று உன் அப்பா இரண்டு நாள் கோபித்துக்கொண்டு சாப்பிட்டார், மூன்றாம் நாள் பெயிண்டு டப்பாவோடு கிளம்பினார், எங்கே என்றேன், குங்குமம் பட்டுச் சாயம் போயிருக்கும், கொப்புளம் தெரியணும், கொஞ்சம் ஜாஸ்தியா மஞ்சள் வெச்சுட்டு வரேன் என்றார்.

ஆகவே உன் கேள்விக்குப் பதில், கிழக்கு அறை உனக்குத்தான். வெள்ளை அடித்தாகிவிட்டது, கட்டில் போட்டாகிவிட்டது, தூளி கட்ட விட்டத்தில் கொக்கி அடித்தாகிவிட்டது. கொக்கியை உன் அப்பாவே ஏறி அடித்தார், முழங்கால் அதனால்தான். நேற்று மத்தியானம் அந்த அறையிலிருந்து சத்தம் வந்தது, எட்டிப் பார்த்தால் வெறும் தூளியை ஆட்டிக்கொண்டு தாலாட்டுப் பாடிப் பழகிக்கொண்டிருக்கிறார். அவருக்குத் தெரிந்த பாட்டு எல்லாம் மேடைக்குக் கட்டினது அல்லவா, அதிலேயே கண்ணே மணியே என்று இரண்டு சொல்லைச் செருகி, புட்டியை விட்டுவிடு கண்ணே, போதையைத் தொட்டுவிடாதே மணியே என்று ராகமாக இழுக்கிறார். பிறந்த பிள்ளையை முதல் நாளே புட்டியை விடச் சொன்னால் அது எதைக் குடிக்கும் என்று கேட்டேன். தூளியை ஆட்டுவதை நிறுத்தினார். பிறகு, திருத்தம் கொண்டு வரேன் என்றார்.

தை மாதம் நல்லபடியாகக் கையில் பிள்ளையோடு நீ இந்த வாசலில் நிற்க வேண்டும், அந்த ஒன்றுதான் எங்களுக்கு வேண்டும். மாப்பிள்ளைக்கு எங்கள் இருவருடைய அன்பைச் சொல். விழுப்புரத்தில் இறங்கினால் பஸ் சுலபம், பாவாடையை அனுப்புகிறோம், பெட்டி தூக்க அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இரும்புச் சத்து மாத்திரையை மறக்காமல் போடு. பிள்ளைக்கு என்று அங்கே கடையில் பால் புட்டி எதுவும் வாங்கிவிடாதே, பால் புகட்ட நான் வெள்ளிப் பாலாடை எடுத்து வைத்திருக்கிறேன். அவர் பாட்டைத் திருத்துகிற வரைக்கும் இந்த வீட்டுக்குள் புட்டி வரக் கூடாது.

தீர்க்காயுசாக இரு என்று வாழ்த்தும்
உன் அம்மா
ஆண்டாள் கண்ணாயிரம்